ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நீ எங்கே போனாய், ரஹ்மத்து?

வயதில் எனக்கு இளையவளும் படிப்பில் எனக்கு மூத்தவளுமான என் ரஹ்மத்துக்கு,

நம் பெஞ்சில் உன் இடத்தில் இப்போது செங்கோட்டையிலிருந்து வருகிற ஒரு பெண் உட்காருகிறாள். நல்ல பெண்தான். நடத்துவதை எல்லாம் அழகாக எழுதிக்கொள்கிறாள். என்னிடம் மட்டும் பேசமாட்டேன் என்கிறாள். நான் சேலை கட்டி வந்தாலும் உள்ளே இருக்கிற காக்கி தெரிந்துவிடுகிறது போல. முதல் நாள் வகுப்பில் நீ ஒருத்திதான் திரும்பி, "யக்கா, நீங்க போலீசாமே? அப்பம் பேனா ரெண்டு வச்சிருப்பீயல்லா, ஒண்ணு தாங்க" என்று கேட்டாய். அந்தப் பேனாவை நீ திருப்பித் தரவே இல்லை. கேஸ் போடலாமா என்றுகூட யோசித்தேன்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன், கோபப்படாதே. உன்னைப் பற்றி நாலு பேர் பேசிவிட்டார்கள். உன் கபர் மண் காய்வதற்குள் அந்தப் பேச்சு உன் ஊர் அச்சன்புதூரிலிருந்து தென்காசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அது போன வழியிலேயே பதிலும் போகட்டும். உன் வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் எப்படி ஒரே பெஞ்சுக்கு வந்தோம் என்று உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. நான் மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டு. எஸ்.ஐ. பரீட்சை எழுத ஒரு பட்டம் வேண்டியிருந்தது. தபால் வழிப் படிப்பு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு. அதில் ஆங்கிலத்தை எடுத்தது வீம்புக்கு. நீ கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது உன்னை நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்தார்கள். மகள் சபீனா பிளஸ் ஒன்னுக்குப் போன பிறகு, வளைகுடாவில் இருக்கிற உன் வீட்டுக்காரர் மசூதுவிடம் போனிலேயே கேட்டுக் கேட்டு அனுமதி வாங்கி வந்தாய். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில், வடக்கே. இரண்டு பேருக்கும் புருஷன் என்றால் ஒரு குரல்தான் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோது சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் வருடத்தில் 'நம்ம ஆளு' வந்தார். அந்த ஆங்கிலக் கவிஞரின் பெயர் உன் வாயில் ஒழுங்காக நுழையாததால் நீ வைத்த பெயர் அது. வகுப்பு முழுக்க அப்படியே கூப்பிட ஆரம்பித்தது, இங்கேயும் அதுவே போதும். அவருடைய வாழ்க்கை ஒரு பாடம். குணத்தைப் பற்றி அவர் எழுதிய பாட்டு அடுத்த பாடம். நேர்மையான மனிதர் எப்படி இருப்பார் என்று பாட்டில் அடுக்கிக்கொண்டே போகிறார். எளியவரிடம் குரலை உயர்த்தமாட்டாராம். கொடுத்ததைச் சொல்லிக் காட்டமாட்டாராம். தோற்றவனைப் பார்த்துச் சிரிக்கமாட்டாராம். ஒருவருடைய குணத்தைத் தெரிந்துகொள்ள அக்கம்பக்கத்தில் போய் விசாரிக்காதே, அவர்கள் தங்கள் குணத்தைத்தான் உன்னிடம் சொல்லுவார்கள் என்று முடிக்கிறார்.

எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் விசாரிக்காதே என்று ஒருவர் முந்திக்கொண்டு சொன்னால், அக்கம்பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். வாழ்க்கைப் பாடத்தைப் புரட்டினேன். சொந்தத் தம்பியோடு ஒரு வீட்டுக்காகக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். நடு வயதில் சில வருடங்கள் ஆள் எங்கே இருந்தார் என்பதற்குத் தடயமே இல்லை. கப்பலில் போனார் என்று ஒரு ஆராய்ச்சியாளர் சொல்ல, நோயில் படுத்திருந்தார் என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டு பேரும் பார்த்தது போலவே எழுதுகிறார்கள்.

"கேஸு அந்த வருசத்துலதாம்ட்டி இருக்கு" என்று உன்னிடம் சொன்னேன். நீ புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாய்.

"அந்த வருசத்தயாவது அந்த மனுசனுக்கு விட்டுக் குடுங்கக்கா" என்றாய்.

அக்கம்பக்கத்தார் சொல்லுவதெல்லாம் செல்லாது என்றால் ஸ்டேஷனைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான் என்று நான் வாதாடினேன். நீ வாதாடவில்லை. அந்தக் கடைசி வரிகளின் கீழே என் பேனாவாலேயே கோடு போட்டுக்கொண்டாய்.

ஒருநாள் விரிவுரையாளர் எல்லோரையும் எழுந்து பாட்டை வாசிக்கச் சொன்னார். உன் முறை வந்தபோது ஒரு சொல்லை நீ எழுத்துக் கூட்டி அப்படியே உச்சரித்துவிட்டாய். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் உதட்டுக்குள் சிரித்துக்கொண்டுதான் திருத்தினார். உன் குரல் அப்படியே உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு வாசிக்கச் சொன்னால் தொண்டைக் கட்டு என்பாய். வீட்டிலும் வாய்விட்டு வாசிக்க முடியாது, நாத்தனார் மைமூன் சிரிப்பாள் என்று சொல்லியிருந்தாய்.

கொஞ்சக் காலம் கழித்து, கருத்தரங்குக்கு ஆளுக்கொரு தலைப்பு கொடுத்தபோது நீ அந்தப் பாட்டையே கேட்டு வாங்கினாய். எழுந்து நின்றாய். கையில் புத்தகம் இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசலில் நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய். விரிவுரையாளர் சாக்பீசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நானும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அதே நேரத்தில் மண்டைக்குள் ஒரு மூலையில் கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் குரல் இவளுக்கு எங்கேயிருந்து வந்தது? வீட்டில் முடியாது, வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. யாரோ எங்கேயோ வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"யாருட்டி சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"நானாத்தான்க்கா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த நேரத்துக்கு நீ கிளம்பிவிடுவாய். சபீனாவை டியூஷனுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பாய். மத்தியானப் பாடத்தை நான் எழுதி வைத்து அடுத்த வாரம் தருவேன். அந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இல்லை என்பதை மனசுக்குள் குறித்துக்கொண்டேன். தொழில் அப்படி.

பிறகு சித்திரை மாதக் கோடை மழையில் ஒரு காலையில், தலை வலிக்கிறது என்று அடுப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நான் கோயில் கொடைத் திருவிழா பந்தோபஸ்தில் இருந்தேன். செய்தி கேட்டு யூனிஃபார்மோடு ஓடி வந்தபோது உன்னைத் தூக்கப் போகிற நேரம். பெண்கள் நடுவில் காக்கியோடு நின்று உன் முகத்தைப் பார்த்தேன். மசூதுக்கு விமானம் கிடைத்து அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சில வாரங்கள் கழித்து அவர் என் குவார்ட்டர்சுக்கு வந்தார். போட்டோவில் பார்த்ததைவிட ஒல்லியான மனிதர். காபியைத் தொடவில்லை. நீ எடுத்திருந்த நூலகப் புத்தகங்களைக் கொடுக்க வகுப்பு நடக்கிற இடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே யாரோ அனுதாபமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, பாவம் வாராவாரம் மத்தியானமே ஓடிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் நீ சொன்னதோ, சாயங்காலம் வரைக்கும் வகுப்பு என்று.

"மேடம், நீங்க அவ பக்கத்துலயே இருந்தீய. மத்தியானத்துக்கு மேல அவ எங்க போனா?"

டியூஷன் என்று ஆரம்பித்தேன்.

"சபீனாவுக்கு ஞாயித்துக்கெழம டியூசனே கெடையாது" என்றார்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சபீனா திருநெல்வேலியில் விடுதியில் தங்கி ஆங்கிலம் படிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள், உம்மா படிக்க வைப்பதாகச் சொல்லியிருந்தாள் என்கிறாள், நான் எந்த நம்பிக்கையில் அனுப்ப என்று கேட்டார். ஒரு இடத்தில் மாப்பிள்ளை பேச்சு வந்திருக்கிறது என்றும் சொன்னார். போலீசாக விசாரிக்க வேண்டாம், தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஏட்டி, அன்றைக்கு எனக்கு உன் மேல் அப்படி ஒரு ஆத்திரம். என் பக்கத்திலேயே உட்கார்ந்து, என் சோற்றில் கை வைத்துத் தின்றுவிட்டு, என்னிடமே பொய் சொல்லியிருக்கிறாய். இன்னொன்றும் தோன்றியது. என் புருஷனும் வெளியூரில்தான் இருக்கிறார். நான் இரவு பகல் பாராமல் போய் வருகிறேன். எங்கே போனாய் என்று என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. காக்கியைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது போல. உனக்கு ஒரு பை நிறையப் புத்தகம் இருந்தும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

முதலில் விரிவுரையாளரைப் பார்த்தேன். வேண்டுமென்றே வகுப்புக்கு முன்பே போய், சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொல்லிட்டுப் போவாங்க, எனக்கு வேறெதுவும் தெரியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் பேரை இதுல கொண்டு வந்துராதீங்க மேடம்" என்றார். அவர் பெயரை நான் எடுக்கவே இல்லை. எடுக்காத பெயரை ஒருவர் தாமாக எடுத்து வைத்தால் நான் விடமாட்டேன். ஆனால் இங்கே விடத்தான் வேண்டியிருந்தது. நீ வகுப்பிலிருந்து கிளம்பிப் போன பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலம் வரைக்கும் அவர் என் கண் முன்னால்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவருக்கு நானே சாட்சி.

ஆக அவரிடம் ஆஸ்பத்திரி, என்னிடம் டியூஷன், வீட்டில் வகுப்பு. ஒரே கேள்விக்கு இப்படி இடத்துக்கு ஒரு பதில் சொல்லுகிறவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் சும்மா பொய் சொன்னதில்லை.

அடுத்து அச்சன்புதூருக்குப் போனேன். மைமூன் என்னை அடுப்படிக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். நீ வழக்கமாக உட்காருகிற பலகையில்தான் என்னை உட்காரச் சொன்னாள். அவள் குரலில் துக்கமும் இருந்தது, ஒரு சந்தோஷமும் இருந்தது. இரண்டையும் நான் பார்த்தேன்.

"மைனி தல ஈரமா வருவாக்கா. முக்காட்டுக்குள்ள பின்னிப் போட்டிருப்பா. பையில புக்குக்கு அடியில ஈரத் துணி. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கும். குற்றாலத்துல எம்புட்டு லாட்ஜ் இருக்குன்னு ஒங்களுக்கா தெரியாது?"

எங்கே போகிறாய் என்று உன்னிடம் அவள் எப்போதாவது கேட்டாளா என்று விசாரித்தேன்.

"எதுக்குக் கேக்கணும்? பாத்துக்கிட்டேதான இருந்தேன்" என்றாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வெளியே எதுவும் கண்ணில் படவில்லை. ஈரத் தலை. சிவந்த கண். நான் பக்கத்தில் இருந்தும் எதையும் கவனிக்கவில்லை. மைமூன் நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன், மறைக்க மாட்டேன். அந்தக் குரலைச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்ற பழைய கேள்வியும் அதோடு வந்து சேர்ந்துகொண்டது.

மறுநாளே குற்றாலம் போனேன். சீசன் நேரத்தில் சோதனைக்குப் போய்ப் போய் அங்கே லாட்ஜ்காரர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். ஒரு லாட்ஜின் வாசலில் நின்று போனில் உன் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டேன். கருத்தரங்கு அன்று நாம் எடுத்துக்கொண்டது, நீ பல் தெரியச் சிரிக்கிறாய். உள்ளே இருந்த ஆள் என்னைப் பார்த்து எழுந்து வந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் போட்டோவை நான் ஒருத்தனிடம் காட்டினால் போதும், பதில் என்னவாக இருந்தாலும் நாளைக்கு டீக்கடையில் நீதான் பேச்சு. ஏட்டம்மா போட்டோவோடு தேடி வந்தாள் என்பதே ஒரு தீர்ப்பாகிவிடும். தண்ணீர் பாட்டில் கிடைக்குமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். வரப்போகிற பதிலுக்கும் பயந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உன்னைப் போலவே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். எங்கே என்று செங்கோட்டைப் பெண் கேட்டாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. ஆஸ்பத்திரி என்றேன். வாயில் அது எவ்வளவு லேசாக வருகிறது என்று ஆச்சரியமாக இருந்தது.

மலையில் மழை பெய்திருந்ததால் பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பகுதிக்குப் போகிற வழியில் எண்ணெயும் துண்டும் விற்கிற ஒரு சின்னக் கடை. குளிக்கப் போகிறவர்கள் பையை அங்கே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கடைக்காரி பெயர் இசக்கியம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே பையை நீட்டினேன். ஜிப் போகாத பை. மேலே நம் பாடப்புத்தகம் துருத்திக்கொண்டிருந்தது.

அவள் பையை வாங்கிப் புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதே புக்கோட ஒரு துலுக்கப் பொண்ணு வருவாளே. ஒங்க கூடப் படிக்கவளா? இப்பம் ஆளயே காணும்."

 கடை ஓரத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். நீ இறந்துவிட்டாய் என்பதை உடனே சொல்லவில்லை. சொன்னால் சாட்சி நல்லதாகவே பேச ஆரம்பித்துவிடும். அது எனக்குத் தெரியும். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிப் பேச்சை வளர்த்தேன்.

நீ வந்ததும் புர்காவை மடித்து அவள் கையில் கொடுப்பாயாம். சுடிதாரோடு போய்த் தண்ணீருக்குள் நிற்பாயாம். தண்ணீர் அதிகமாக விழுகிற இடமாகப் பார்த்துத்தான் நிற்பாயாம். மற்றவர்கள் சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே ஓடி வெளியே ஓடி வருவார்கள், நீ மட்டும் நின்ற இடத்தில் நிற்பாயாம். முதலில் நீ அழுகிறாய் என்று அவள் நினைத்திருக்கிறாள். ஒருநாள் பக்கத்தில் போய்ப் பார்த்தால் வாய் அசைந்துகொண்டே இருந்திருக்கிறது.

"என்னட்டி புலம்புதன்னு கேட்டேன். பாட்டுப் படிக்கேன் யக்கா, இங்கிலீசுப் பாட்டு, இங்கனதான் கத்திப் படிக்க முடியுதுன்னா. தண்ணிச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்காதுல்லா. தொண்ட கிழியக் கத்துவா. பெறவு தலயத் துவட்டிட்டு, சூடா ஒரு சுக்குக் காப்பி குடிச்சிட்டுப் போயிருவா."

தனியாகவா வருவாள் என்று கேட்டேன். தனியாகத்தான் என்றாள். வேறு பேச்சுப் பேசிவிட்டு, கொண்டுவிட யாராவது வருவார்களா என்று கேட்டேன். டவுன் பஸ்ஸில் வந்து டவுன் பஸ்ஸில் போவாள் என்றாள். இன்னும் சுற்றி வந்து, போனில் யாரிடமாவது பேசுவாளா என்று கேட்டேன். இசக்கியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்க அவ கூடப் படிக்கவளா, வேவு பாக்க வந்தவளா என்று கேட்டாள். அப்போதுதான் நீ இறந்ததைச் சொன்னேன். அவள் கையிலிருந்த துண்டுகளை அப்படியே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

ரஹ்மத்து, இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. எல்லா வாரமும் வருவாளா என்று கடைசியாக ஒன்று கேட்டேன். எல்லா வாரமும் வரமாட்டாள், நல்லாத் தண்ணி விழுகிற நாளிலும் சில ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாள் என்றாள். நீ எல்லா வாரமும் கிளம்பினாய். எனக்குத் தெரியும், உனக்காகப் பாடம் எழுதி வைத்தவள் நான்.

மிச்ச வாரங்களில் எங்கே போனாய்? ஐந்தருவியா, பழைய குற்றாலமா? பஸ் ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்திருந்தாயா? அல்லது நான் நினைக்க விரும்பாத ஏதாவது ஒன்றா?

அன்றைக்கு நானும் தண்ணீரில் நின்றேன். எத்தனையோ சீசனில் அங்கே விசிலோடு டூட்டி பார்த்திருக்கிறேன், ஒருநாளும் நனைந்ததில்லை. நம்ம ஆளுடைய முதல் வரியைக் கத்திச் சொன்னேன். என் காதுக்கே கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு கிழவி ஏதோ கத்திக்கொண்டிருந்தாள், அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

அந்த வாரமே மசூதைப் பார்க்கப் போனேன். அவர் கூடத்தில் நாற்காலி போட்டார். மைமூன் கதவுக்குப் பின்னால் நின்றாள், சபீனா மாடிப்படியில். கேட்டதையும் பார்த்ததையும் அப்படியே சொன்னேன். அருவியில் நின்று பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பழகினாள், தனியாகத்தான் போனாள், தனியாகத்தான் வந்தாள்.

 "இதுக்கு எதுக்கு மேடம் பொய் சொல்லணும்? எங்கிட்டக் கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டனா?" என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து மைமூன் பேசினாள். அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"விட்டிருக்க மாட்டிய காக்கா. நானும் விட்டிருக்க மாட்டேன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "எல்லா வாரமும் அங்கனதான் போனாளா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். சபீனாவின் படிப்பு அந்த ஒரு வார்த்தையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் நான் ஒரு பொய் சொல்லி, அது பிறகு உடைந்தால், அருவியில் நீ தனியாக நின்ற உண்மையும் சேர்ந்து உடைந்துவிடும். இல்லை என்றேன். சில வாரம் அங்கே வரவில்லை, அந்த வாரங்களில் எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது, விசாரித்தால் கண்டுபிடித்துவிடுவேன், ஆனால் விசாரிக்கப் போவதில்லை என்றேன். 

ஏன் என்று அவர் கேட்கவில்லை. "வளைகுடாவுல எங்களுக்கு வெள்ளிக்கெழம லீவு மேடம்" என்றார். "இத்தன வருசமா வெள்ளிக்கெழம எங்க போனிய, யாரு கூடப் போனியன்னு அவ ஒருநாளும் கேட்டதில்ல. நான் சொன்னதுமில்ல. ஆம்பள தனியா இருந்தா எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியும். அதான் எனக்குப் பயம் வந்துச்சு."

அவர் எங்கே போனார் என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவரைப் பற்றி உனக்கு ஏதாவது தெரிந்திருந்ததா? தெரிந்துதான் கேட்காமல் இருந்தாயா? பார், என் புத்தி மறுபடியும் எங்கே போகிறது என்று.

சபீனாவைச் சேர்க்கலாம் என்றார். திருநெல்வேலியில் எனக்கு யாரும் இல்லை, நீங்கள் காப்பாளராக நிற்பீர்களா என்று கேட்டார். நிற்கிறேன் என்றேன். நான் செருப்பை மாட்டும்போது மைமூன் வாசல்வரைக்கும் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இப்பமும் தண்ணி விழுதாக்கா?" என்று கேட்டாள்.

விழுகிறது என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

சபீனா பஸ்ஸுக்கு என்னோடு நடந்து வந்தாள். உன் நடைதான், உன்னைப் போலத்தான் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அவளுக்கு இது முன்பே தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"உம்மா தலய நாந்தான் பெரியம்மா துவட்டி விடுவேன். மைமூன் மாமி பாக்கதுக்குள்ள காயணும்லா. எங்க போனேன்னு நான் கேட்டதே இல்ல. கேட்டா அடுத்த வாரம் போகமாட்டா."

நான் இத்தனை வருடம் விசாரணை செய்திருக்கிறேன். கேள்வி கேட்டால் பதில் வரும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. கேள்வி கேட்டால் ஒருத்தி வீட்டிலேயே இருந்துவிடுவாள் என்பது அந்தப் பிள்ளைக்குத்தான் தெரிந்திருந்தது. பஸ் வரும் வரைக்கும் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மற்றபடி இங்கே செய்திகள் உண்டு. பரீட்சை எழுதிவிட்டேன். நம்ம ஆளுடைய பாட்டுதான் பெரிய கேள்வியாக வந்தது. நீ சொன்னதை ஒரு பக்கம் எழுதினேன், என் சந்தேகத்தை ஒரு பக்கம் எழுதினேன். திருத்துகிறவர் எந்தப் பக்கத்துக்கு மார்க் போடுவாரோ தெரியாது. அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. தம்பியோடு கோர்ட்டுக்குப் போனவர், போனவர்தான். ஆனால் காணாமல் போன அந்த வருடங்களைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

சபீனாவைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். மசூது பெட்டியைத் தூக்கி வந்தார். மறுவாரம் அவருக்கு விமானம். விடுதியைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் ரொம்பக் கண்டிப்பானவள், பார்த்தாலே எங்கள் டிபார்ட்மெண்ட் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்விட்டுத் தாமதமாக வந்தால் யாருக்குத் தகவல் சொல்ல என்று கேட்டாள். எனக்கு என்றேன். என் நம்பரை எழுதிக்கொண்டாள்.

அந்த போன் ஒருநாள் வரும். எனக்குத் தெரியும். உன் மகளாயிற்றே. வந்தால், வண்டியை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சுற்று சுற்றி வரலாமா என்று கை துறுதுறுக்கும். போகமாட்டேன், ரஹ்மத்து. அவள் என்னைக் கூப்பிடுகிற வரைக்கும் காத்திருப்பேன். கூப்பிட்டால் சாப்பிட்டாயா என்று கேட்பேன். எங்கே போனாய் என்று கேட்கமாட்டேன். இதை உனக்கு வாக்காகத் தருகிறேன். எனக்கு இதைவிடக் கஷ்டமான வாக்கு வேறு இல்லை, அது உனக்குத் தெரியும்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
சபீனாவின் பெரியம்மா,
பேச்சியம்மாள்